தொந்தரவு இல்லாத பிள்ளை

சர்மிளாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நோர்வூட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பணியக் கணக்கு என்று சொல்லப்படும் கீழ்ப்பிரிவு முழுக்க இது தெரிந்த விஷயம். குழாயடியில் தன் வாளியைத் தள்ளி வைத்தவளை ஒரு பிடி பிடிப்பாள். தராசு முள் ஆடி முடிக்கும் முன்னே கொழுந்துக்குக் கிலோ சொல்லிவிடுகிறவரை இரண்டு பிடி பிடிப்பாள். சண்டைக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வாய் இல்லாதவளை இந்தத் தோட்டம் மென்று தின்றுவிடும் என்பது அவள் கட்சி, அதைத் தப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த தனுஷிகாவை லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் மெச்சினார்கள். ஐந்து வயது நெருங்குகிற பிள்ளை. அழாது, அடம் பிடிக்காது, கடைப்பக்கம் போனால் எதையும் கேட்காது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காரும். "தொந்தரவே இல்லாத பிள்ளை, குடுத்து வச்சவடி நீ" என்று அடுத்த காம்பராக்காரிகள் சொல்லும்போதெல்லாம் சர்மிளாவுக்கு வயிறு எரியும். ஏன் எரிகிறது என்று அவளுக்கே தெரியாது. தெரியாத எரிச்சல் இன்னும் மோசம். அன்றைக்கு யார் முதலில் வாய் கொடுத்தாலும் அவர்கள் தலையில் விடியும்.

அவள் சவூதியிலிருந்து திரும்பி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சாமான் விலையெல்லாம் கண்மண் தெரியாமல் ஏறின வருடத்தில் வீட்டு வேலைக்கென்று போனவள். கணவன் பிரதாப் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் தேருக்கும் தலை காட்டுகிறவன். பிள்ளையை வளர்த்தது அவனுடைய அக்கா நிஷாந்திதான். மலைக்கு வேலைக்குப் போகிற தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு ஆயா வேலை. அதனால் எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. வசதி என்ற சொல்லைத்தான் அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள்.

திரும்பி வந்த சர்மிளாவைப் பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. சரி, கொஞ்ச நாள் போனால் பழகிவிடும் என்றார்கள். பழகவும் செய்தது. "அம்மா" என்று கூப்பிட்டது, ஊட்டினால் வாயைத் திறந்தது, தலை சீவக் காட்டியது. ஆனால் எல்லாம் கடைக்காரனிடம் காட்டுகிற மரியாதை மாதிரி இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்காரன் மறுபடி போனில் கோல் எடுத்துக்கொண்டிருந்தான், இந்தத் தடவை குவைத், நல்ல வீடு என்று. இந்தப் பிள்ளைக்கு நான் தாயாகத் தேவையில்லை என்றால் இங்கே இருந்து எதைக் கிழிக்கப் போகிறேன் என்று சர்மிளா நினைக்க ஆரம்பித்திருந்தாள். இருப்பதா போவதா என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யக் காத்திருந்தாள், அந்த முகமோ ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சுடுதண்ணீர் விஷயம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்மிளா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கேத்தல் சரிந்து பிள்ளையின் காலில் கொட்டியிருக்கிறது. பிள்ளை கத்தவில்லை. தாயின் முதுகுக்குப் பின்னால் நடந்துபோய், சப்பாத்துக்குப் போடுகிற காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டு விளையாடப் போய்விட்டது. கால் சீழ் பிடித்து நாறின பிறகுதான் முன்பள்ளி டீச்சர் கண்டுபிடித்தாள். உடனே மிட்வைஃப் வந்து நின்றாள். "நீங்கெல்லாம் தாயா?" என்று லயத்து வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

சர்மிளா பதிலுக்கு என்ன கேட்டாள் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் மிட்வைஃப் போன பிறகு, பிள்ளையைப் பிடித்து உலுக்கி, "வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன்டி சொல்லல?" என்று கத்தினாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "சாரிம்மா" என்றது. அந்த ஒரு சொல்லில் சர்மிளா உலுக்குவதை விட்டுவிட்டாள்.

மிட்வைஃப் விடவில்லை. நோர்வூட் டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, தாயையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துப் பார்க்கிற ஓர் இடத்துக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவள் அம்னா, ஹட்டன்காரி, முப்பது வயதிருக்கும். தரையில் பாய் விரித்துப் பொம்மைகளைப் போட்டு, "நீங்க ரெண்டு பேரும் விளையாடுங்க, நான் போன்ல வீடியோ எடுக்கிறன்" என்றாள். அரை நாள் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மழையில் பஸ்ஸுக்கு நின்று வந்தது விளையாடுவதற்கா என்று சர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்னா சர்மிளாவை மட்டும் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். போய் வந்தாள். பிள்ளை அழவில்லை, கதவுப் பக்கம் வரவும் இல்லை. "பாத்தீங்களா மிஸ்? இதுக்கு ஒரு குறையும் இல்ல. இதக் கூட்டிட்டு வரச் சொல்லி ஒங்க நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்குறாங்க" என்றாள் சர்மிளா.

"இதப் பாருங்க சர்மிளா" என்று அம்னா போனைக் காட்டினாள்.

வீடியோவில் பிள்ளை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. சர்மிளா எழுந்து வெளியே போகிறாள். பிள்ளை தலையைத் தூக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. ஒரு சிவப்புக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே இருந்தது, சர்மிளா திரும்பி வரும்வரை அதை வைக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் வந்ததும் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டையை அவளிடம் நீட்டியது. சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

"விருந்தாளிக்குத் தேத்தண்ணி குடுக்கிற மாதிரி குடுக்குது" என்றாள் சர்மிளா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அழாத பிள்ளைக்கு ஒண்டும் இல்லண்டு நாங்க நெனைக்கிறம்" என்றாள் அம்னா. "அழுதா யாராவது வருவாங்கண்டு நம்புற பிள்ளைதான் அழும். காலையில மலைக்குப் போறப்போ எப்படி விட்டுட்டுப் போவீங்க?"

"தூங்குறப்பவே தூக்கிட்டுப் போயி பிள்ளைக்காம்பராவுல கெடத்திட்டு ஓடிருவேன். பிள்ளைங்க முழிச்சுட்டா கத்தும், பெரட்டுல பேர் கூப்பிடுறதுக்கு லேட்டாயிரும். எல்லாரும் அப்படித்தான மிஸ். எங்கம்மா என்னையும் அப்படித்தான் விட்டுட்டுப் போச்சு."

"சவூதிக்குப் போறப்போ?"

"அப்பவும் அப்படித்தான். விடியுமுன்ன. தூங்கிக்கிட்டு இருந்திச்சு."

"முழிச்சப் பிறகு பிள்ளைக்கிட்ட என்ன சொன்னாங்க?"

ரியாத்தில் ஒரு பெரிய வீட்டின் படிகளைக் கழுவிக்கொண்டே சர்மிளா போனில், பிள்ளை சாப்பிட்டதா, காய்ச்சல் வந்ததா, உடுப்பு அளவு சரியா என்று எத்தனையோ கேட்டிருக்கிறாள். இதை மட்டும் கேட்டதில்லை. தெரிந்துகொள்ளப் பயம் என்று ஒத்துக்கொள்கிற ஆளில்லை அவள். அதனால் அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் அன்று பின்னேரம் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தாள். நிஷாந்தி பால் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நான் போன அன்னிக்கு இவகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அம்மா மலைக்குப் போயிருக்கு, அந்திக்கு வரும்னு சொன்னேன்."

"மறுநாளு?"

"அதேதான். அது கேக்குற வரைக்கும் அதேதான் சொன்னோம். வேற என்ன சொல்றதாம்? ரெண்டு வருசம்னா அதுக்குப் புரியுமா?"

நிஷாந்தி மேலும் சொன்னாள். மறைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை, அது மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கொழுந்து நிறுக்கிற இடம் பிள்ளைக்காம்பராவுக்கு நேரே கீழே. அந்தியில் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தால் பிள்ளை போய் நின்றுவிடுமாம். மழை நாளில் எல்லாரும் தலையில் பொலித்தீன் சீட்டைப் போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி ஒரே மாதிரி வருவார்கள். பிள்ளை ஒவ்வொருத்தி முன்னாலும் போய்க் குனிந்து, சீட்டுக்குக் கீழே முகத்தைப் பார்க்குமாம். கடைசி ஆளும் போன பிறகு திரும்பி வருமாம்.

"எப்ப நிப்பாட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு நாளு போகல. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டோம்."

சர்மிளா அடுக்கி வைத்திருந்த கோப்பைகளைக் கையால் தட்டிவிட்டாள். அத்தனையும் சிமெந்துத் தரையில் உருண்டன. "நல்லதாப் போச்சா? ரெண்டு வருசம் ஒரு பச்சப்புள்ளைய ஏமாத்திட்டு நல்லதாப் போச்சா?"

நிஷாந்தியும் லேசுப்பட்டவள் இல்லை. "யாருடி ஏமாத்துனது? திருட்டுத்தனமா எந்திரிச்சுப் போனது நீயி! பீ மூத்திரம் அள்ளுனது நானு! நீ சொல்லிட்டுப் போயிருந்தா நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

"முழிச்சா விடாது, சத்தமில்லாம போன்னு சொன்னது யாரு? நீங்கதானே!"

"ஆமா, நான்தான் சொன்னேன். ஒங்கம்மா ஒனக்குச் செஞ்சத, எங்கம்மா எனக்குச் செஞ்சதத்தான் சொன்னேன். புதுசா நான் கண்டுபிடிச்சேனா?"

உண்மையும் அதுதான். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் தாய்மார் விடியற்காலையில் பிள்ளையைத் திருடன் மாதிரி விட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்கள். பெரட்டுக்கு நேரத்துக்கு நின்றார்களா, கூடை நிறைந்ததா என்று பார்க்க ஆள் உண்டு. கண் விழித்த பிள்ளை என்ன நினைக்கும் என்று பார்க்க ஒரு நாதி இல்லை. பிறகு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து, தோட்டத்துப் பிள்ளைகள் வாய் திறக்காதுகள், கூச்ச சுபாவம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

அடுத்த தடவை அம்னா முன்னால் உட்கார்ந்தபோது சர்மிளா இதையெல்லாம் சொல்லவில்லை. அம்னா சாதாரணமாகச் சொன்னாள்: "இனிமே தூக்கத்துல விட்டுட்டுப் போகாதீங்க. எழுப்புங்க. அம்மா மலைக்குப் போறன், அந்திக்கு வருவன்னு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. அழுதா அழட்டும்."

சர்மிளா எழுந்து நின்றுவிட்டாள். "அந்த வார்த்தையையா? மிஸ், ஒங்களுக்குப் புத்தி இருக்கா? அந்த வார்த்தையத்தான் ரெண்டு வருசமா நாறடிச்சு வச்சிருக்காங்க! மலைக்குப் போறேன், அந்திக்கு வருவேன்னா இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வரமாட்டேன்னு அர்த்தம்!" அப்புறம் எல்லாம் வந்து விழுந்தது: தராசு, மழை, சீட்டுக்குக் கீழே முகம் பார்த்தது. கத்திக்கொண்டேதான் சொன்னாள். கீழே புடவைக்கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

அம்னா மூலையில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த தனுஷிகாவைப் பார்த்தாள். "எனக்கு அது தெரியாது" என்றாள். "அப்ப மொதல்ல நீங்க அந்தப் பொய்யத்தான் எடுத்துப் போடணும். நான் மலைக்குப் போகல, ஒன்ன விட்டுட்டுப் போனன்னு நீங்களே சொல்லணும்."

"அஞ்சு வயசுகூட ஆகல. அதுக்கு என்ன வெளங்கும்?"

"தராசுக்கிட்டப் போய் நிக்க வெளங்கிச்சே."

சர்மிளாவுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை.

"ஒண்டு மட்டும்" என்றாள் அம்னா. "சொன்னாப் பிள்ளைக்குக் கோவம் வரும். வரணும். வாங்கிக்கங்க. திருப்பிக் குடுக்காதீங்க. இனிப் போகவே மாட்டன்னு வாக்குக் குடுக்கிறதா இருந்தா, நெசமாப் போகாதவங்களா இருந்து குடுங்க."

பஸ்ஸில் வரும்போது ஏஜென்ட்காரன் கோல் எடுத்தான். குவைத் வீட்டுக்காரர்கள் அவசரப்படுகிறார்களாம், பாஸ்போட்டைக் கொண்டுவந்து தர வேண்டுமாம். மடியில் தூங்குகிற பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை வைத்து, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் பாவம், அவன் ஒருத்தன்தான் அன்றைக்குக் குற்றமில்லாதவன். ஆனால் அந்த நம்பர் பிறகு வரவில்லை.

ஏஜென்ட்காரனை ஏசுவது சுலபம், இதைச் சொல்வது சுலபமில்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். காலையில் பிள்ளையை எழுப்பி, "தனு, அம்மா போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை "சரிம்மா" என்றது. ஒவ்வொரு நாளும் "சரிம்மா". கல்லுக்குச் சொன்னாலும் இதைவிடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்புறம் ஒரு காலை, பிள்ளைக்காம்பரா வாசலில், அந்த "சரிம்மா"வைக் கேட்டு அவளுக்குத் தாங்கவில்லை. படங்கோடும் கூடையோடும் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"சரின்னு சொல்லாத. இங்க பாரு. ஒனக்கு ஞாபகம் இருக்கா, அம்மா மலைக்குப் போயிருக்குன்னு அத்தை சொன்னது? அது பொய்யி. நான் மலைக்குப் போகல. பிளேன்ல ஏறி வேற ஊருக்குப் போயிட்டேன். ஒங்கிட்டச் சொல்லாமப் போனேன். நீ தூங்கிக்கிட்டு இருந்த. எழுப்பப் பயந்துக்கிட்டுப் போனேன்."

பிள்ளை அவளைப் பார்த்தது. அந்த நல்ல பிள்ளை முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. உதடு கோணியது. "நான் பாத்தேன்" என்றது மெதுவாக. "அந்திக்குப் பாத்தேன். நீ வரல."

"ஆமா. வரல."

"நீ வரல!" இந்தத் தடவை அது கத்தல். "எல்லாரும் வந்தாங்க! நீ வரல! பொய்க்காரி! நீ பொய்க்காரி!" இரண்டு கைகளையும் மடக்கித் தாயின் முகத்தில் அடித்தது. கூடையைப் பிடித்து இழுத்தது. முழங்கையைக் கவ்விக் கடித்தது. ரத்தம் வந்தது. உள்ளே படுத்திருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து கத்த ஆரம்பித்தன. இரண்டு வருடம் விழுங்கின அழுகை எல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்ததென்று தெரியவில்லை, பிரிவு முழுக்கக் கேட்டது.

நிஷாந்தி ஓடிவந்தாள். "அய்யோ, விடு, நான் பிடிச்சுக்கிறேன், நீ ஓடு! பெரட்டு கலையப் போகுது, ஓடுடி!"

"நான் ஓடல மதினி" என்றாள் சர்மிளா. "நீங்க உள்ள இருக்குற பிள்ளைகளப் பாருங்க."

கை ஓங்கியே பழகினவள், அன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். வலித்தது. கோபமும் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது பிள்ளை மேல் வரவில்லை. பிள்ளையை அள்ளித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது உதைத்தது, முடியைப் பிடித்து இழுத்தது. "போகாத" என்றது. அடித்துக்கொண்டே சொன்னது, "போகாத, போகாத". ஆறேழு மாதத்தில் அது அவளிடம் கேட்ட முதல் விஷயம்.

"சவூதிக்கும் போகல, குவைத்துக்கும் போகல. ஒன்ன விட்டுட்டு வேற ஊருக்கு இனி நான் போகவே மாட்டேன். மலைக்குத்தான் போவேன், அந்திக்கு வருவேன். இப்ப நீ அழுது முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பெரட்டு கலைந்து பெண்கள் மலைப் பாதையில் ஏறிவிட்டார்கள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஜெயகாந்தன் பைக்கை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினார். மேலதிகாரிக்குப் பயந்தவர், கீழே இருக்கிறவர்களிடம் அந்தப் பயத்தை வட்டியோடு வசூலிக்கிற மனிதர்.

"என்ன கூத்து இது சர்மிளா? பிள்ள அழுதா மலை நிக்குமா? ஒனக்கு இன்னிக்குப் பேர் கெடையாது. நாளைக்கும் லேட்டானா நாளைக்கும் கெடையாது, தெரிஞ்சுக்க."

"போடாதீங்க!" என்றாள் சர்மிளா. "ஒங்க பேர நீங்களே வச்சுக்கங்க! எத்தனை வருசமா எங்க பிள்ளைகள் கதறக் கதற ஒங்க பெரட்டுக்கு ஓடிவந்திருக்கோம், ஒரு நாளாவது ஒரு பிள்ளை ஏன் அழுவுதுன்னு கேட்டிருக்கீங்களா? ஒங்க பிள்ள ஹட்டனுல வேன் ஏறிப் பள்ளிக்கூடம் போறப்போ ஒங்க சம்சாரம் கை காட்டுமுல்ல? எங்களுக்குக் கை காட்டக்கூட நேரமில்லையா? பிள்ள அழுது முடியட்டும், அப்புறமா வர்றேன். பேர் போட்டாலும் வர்றேன், போடாட்டியும் வர்றேன்."

"வாய அடக்கிப் பேசு!" ஜெயகாந்தனுக்கு முகம் கறுத்தது. மேலே பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். பைக்கிலிருந்து இறங்கி, விரலை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "ரொம்பத்தான் துள்ளுற நீ. திமிரு பிடிச்சவளே!"

தோளில் கிடந்த தனுஷிகா தலையைத் தூக்கினாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன, விக்கல் நிற்கவில்லை. அந்தப் பிரிவில் பெரியவர்களே நேருக்கு நேர் பார்க்கத் தயங்கும் ஜெயகாந்தனின் முகத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்கம்மாவ ஏசாத!"

கத்திவிட்டுத் திரும்பி, சர்மிளாவின் தோளில் இன்னொரு தடவை ஆழமாகக் கடித்தாள்.